குறைப்புவாதப் பொருள்முதல்வாதம்

குறைப்புவாதப் பொருள்முதல்வாதம் என்பது, வலி, நினைவு, ஆசை, அச்சம், நிறங்களைக் காணும் அனுபவம் போன்ற மனம் சார்ந்த நிலைகள் யாவும் மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் நடைபெறும் பருப்பொருள் நிகழ்வுகளே என்று கூறும் மெய்யியல் கொள்கை ஆகும். மூளையில் நிகழ்வுகள் நடக்கின்றன, அவற்றின் விளைவாக மனம் என்ற வேறொன்று தோன்றுகிறது என்று இக்கொள்கை சொல்வதில்லை. மூளையில் நடக்கும் அந்நிகழ்வுதான் மனநிகழ்வு, இரண்டும் ஒன்றே என்கிறது. மனம்-மூளை ஒருமைக் கொள்கை என்றும் இது அழைக்கப்படும். ஆங்கிலத்தில் ரிடக்டிவ் மெட்டீரியலிசம் என்பர். தமிழில் இதற்கு இன்னும் ஒரே நிலைத்த சொல் இல்லை. "சுருக்கல்", "ஒடுக்கம்" என்றும் எழுதலாம்.

பொருள்முதல்வாதம் என்ற சொல்லைக் கேட்டதும் பணம், நகை, வீடு ஆகியவற்றின் மீதான ஆசையை நினைப்போர் உண்டு. அது பொருளாசை, இக்கொள்கைக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. உலகின் அடிப்படை எது, பருப்பொருளா மனமா என்ற கேள்விக்குப் பருப்பொருள் என்று விடை சொல்வதே மெய்யியலில் பொருள்முதல்வாதம் எனப்படும். மனமே அல்லது கருத்தே அடிப்படை என்பது கருத்துமுதல்வாதம். இரண்டும் தனித்தனி அடிப்படைகள் என்பது இருமைவாதம்.

"குறைப்பு" என்பதன் பொருள்

தொடக்கநிலை மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்தச் சொல்லில்தான். "வலியை மூளை நிகழ்வாகக் குறைக்கிறார்கள்" என்றால், வலியை மதிப்புக் குறைத்துப் பேசுகிறார்கள், அது ஒன்றுமில்லை என்கிறார்கள் என்று தோன்றும். அப்படி அல்ல. மூல இலத்தீன் சொல்லுக்கு "திரும்ப இட்டுச் செல்லுதல்" என்று பொருள். ஒன்றை அதன் அடிப்படைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே குறைப்பு. பள்ளிக் கணக்கில் 6/8 என்ற பின்னத்தை 3/4 என்று சுருக்குகிறோம். எழுத்து மாறுகிறது, மதிப்பு இம்மியும் குறைவதில்லை. மெய்யியல் குறைப்பையும் இவ்வாறே புரிந்துகொள்ள வேண்டும்.

அறிவியலில் வெற்றி பெற்ற குறைப்புகள் பல உள்ளன. ஒரு வாயுவின் வெப்பநிலை என்பது அதன் மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலே என்பதை 19ஆம் நூற்றாண்டில் மாக்சுவெல், போல்ட்சுமன் முதலியோர் வளர்த்த இயக்கவியற் கொள்கை காட்டியது. மின்னல் என்பது முகில்களிலும் முகிலுக்கும் நிலத்துக்கும் இடையிலும் நிகழும் மின்னிறக்கமே. நீர் என்பது ஐதரசனும் ஆக்சிசனும் சேர்ந்த மூலக்கூறே. இவற்றைக் கண்டறிந்த பின்னர் யாரும் நீர் இல்லை என்றோ, மின்னல் வெறும் மயக்கம் என்றோ சொல்லவில்லை. நீர் முன்போலவே தாகம் தணிக்கிறது. அது எதனால் ஆனது என்பது மட்டும் தெரிந்திருக்கிறது.

இதற்கு மாறாக, சில பொருள்களை அறிவியல் குறைக்கவில்லை, அடியோடு நீக்கிவிட்டது. பொருள்கள் எரியும்போது "புளோஜிஸ்டன்" என்ற ஒன்று வெளியேறுகிறது என 18ஆம் நூற்றாண்டு வேதியியலார் பலர் நம்பினர். எரிதல் என்பது ஆக்சிசனுடன் சேர்தல் என்று லவாய்சியே காட்டிய பின், புளோஜிஸ்டன் என ஒன்று இல்லவே இல்லை என்று ஆயிற்று. நீருக்கு நேர்ந்தது குறைப்பு; புளோஜிஸ்டனுக்கு நேர்ந்தது நீக்கம். மனத்துக்கு நேரவிருப்பது இரண்டில் எது என்பதில் பொருள்முதல்வாதிகளுக்குள்ளேயே பிளவு உண்டு. நம்பிக்கை, ஆசை என்று நாம் அன்றாடம் பேசும் மனநிலைகள் புளோஜிஸ்டனைப் போல ஒருநாள் கைவிடப்படும் என்று பால் சர்ச்லாந்து 1981இல் வாதிட்டார். அது நீக்கல் பொருள்முதல்வாதம். குறைப்புவாதி அவ்வாறு சொல்வதில்லை. வலி உண்டு, நிச்சயமாக உண்டு, அது மூளையில் நடக்கும் ஒரு நிகழ்வு என்பதே அவர் நிலை. தேர்வு விடைகளில் இவ்விரண்டு கொள்கைகளும் அடிக்கடி கலந்துவிடுகின்றன.

பழைய வேர்கள்

மனத்தைப் பருப்பொருளால் விளக்கும் முயற்சி மிகப் பழையது. கிரேக்கத்தில் டெமாக்கிரிட்டசு ஆன்மாவும் அணுக்களால் ஆனதே என்றார். வலிப்பு நோய் தெய்வக் குற்றத்தால் வருவது என்று மக்கள் நம்பிய காலத்தில், அது மூளையில் தோன்றும் நோய் என்றும், இன்ப துன்பங்கள் யாவும் மூளையிலிருந்தே வருகின்றன என்றும் இப்போக்கிரட்டீசு மரபின் மருத்துவ நூல் ஒன்று கூறியது. இந்தியாவில் சார்வாகர் அல்லது உலகாயதர் நிலம், நீர், தீ, காற்று ஆகிய நான்கின் சேர்க்கையால் உணர்வு தோன்றுகிறது என்றனர்.

தமிழிலும் இதன் தடம் உண்டு. மணிமேகலையின் 27ஆவது காதையில் பல சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும்போது பூதவாதி ஒருவனும் பேசுகிறான். தாதகிப் பூ, வெல்லக்கட்டி முதலியவற்றைச் சேர்த்து ஊறவைத்தால் அவற்றில் தனித்தனியே இல்லாத மதுவின் மயக்கம் பிறப்பதுபோல, பூதங்கள் கூடும்போது உணர்வு தோன்றும் என்பது அவன் கூற்று. நீலகேசியிலும் பூதவாதத்தை மறுக்கும் பகுதி ஒன்று உள்ளது. ஆயினும் பூதவாதியின் உவமை முழுமையான குறைப்புவாதம் அன்று. சேர்க்கையிலிருந்து புதியதொன்று பிறக்கிறது என்று அவன் சொல்கிறான். பிறப்பது சேர்க்கையே என்று சொல்லவில்லை. முன்னது "தோற்றவாதம்" எனப்படும் வேறொரு கொள்கைக்கு நெருக்கமானது.

ஐரோப்பாவில் நவீன விவாதத்தைத் தொடங்கி வைத்தவர் இருமைவாதியான டேக்கார்ட்டு. உடல் இடத்தை அடைத்து நிற்பது, மனம் இடமற்றுச் சிந்திப்பது, ஆகவே இரண்டும் வெவ்வேறு என்று 1641இல் வெளியான "தியானங்கள்" நூலில் வாதிட்டார். 1643இல் போகிமிய இளவரசி எலிசபெத்து அவருக்கு எழுதிய கடிதத்தில், பருப்பொருள் அல்லாத மனம் உடலை எவ்வாறு அசைக்க முடியும் என்று கேட்டார். டேக்கார்ட்டின் பதில்கள் அவருக்கு நிறைவளிக்கவில்லை. 380 ஆண்டுகளுக்குப் பின்னும் இருமைவாதத்துக்கு எதிரான முதன்மைக் கேள்வி இளவரசி கேட்ட அதே கேள்விதான்.

1747இல் பிரெஞ்சு மருத்துவரான லா மெட்ரி மனிதனை ஓர் எந்திரமாக வருணித்து நூல் எழுதினார். 1848இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், இருப்புப்பாதை வேலையில் இருந்த பினியாசு கேஜ் என்பவரின் கன்னத்தினூடே புகுந்த ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி மூளையின் முன்பகுதியைச் சிதைத்து உச்சந்தலை வழியே வெளியேறியது. அவர் பிழைத்தார், ஆனால் அவரது குணம் மாறிவிட்டது என்று மருத்துவர் ஆர்லோ பதிவு செய்தார். 1861இல் பாரிசில் புரோக்கா, பேச்சிழந்த ஒரு நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, இடது முன்மூளையின் ஒரு பகுதி பழுதுற்றிருந்ததைக் காட்டினார். மனத்தின் ஆற்றல்கள் மூளையைச் சார்ந்தவை என்பதற்கு இவை வலுவான சான்றுகளாயின. எனினும் "சார்ந்திருத்தல்" வேறு, "ஒன்றாயிருத்தல்" வேறு. வீணையின் தந்தி அறுந்தால் இசை நிற்கும். அதனால் வாசிப்பவர் வீணைக்குள் இருக்கிறார் என்று ஆகிவிடாது. இருமைவாதிகள் இந்த இடைவெளியில்தான் நின்றுகொண்டிருந்தனர்.

அடிலெய்டில் உருவான கொள்கை

இடைவெளியைக் கடந்து "ஒன்றே" என்று துணிந்து சொன்ன கட்டுரைகள் 1950களில் வந்தன. ஆத்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆங்கிலேயரான யு. டி. பிளேசு, 1956இல் "உணர்வு ஒரு மூளை நிகழ்வா?" என்ற கேள்வியையே தலைப்பாக்கிக் கட்டுரை வெளியிட்டார். அங்கே அவருடன் விவாதித்து வந்த மெய்யியல் பேராசிரியர் ஜே. ஜே. சி. சிமார்ட்டு முதலில் இதை ஏற்கவில்லை. பின்னர் மனம் மாறி, 1959இல் "புலனுணர்வுகளும் மூளை நிகழ்வுகளும்" என்ற கட்டுரையில் இக்கொள்கையைத் தாமே விரித்துரைத்தார். அமெரிக்காவில் எர்பர்ட்டு பைகல் 1958இல் இதனையொத்த கருத்தை வெளியிட்டார். 1968இல் ஆத்திரேலியரான டேவிட்டு ஆம்சுட்ராங்கு முழு நூலாக எழுதினார். பிளேசு 2000இல் காலமானார். தம் மூளையை அடிலெய்டு பல்கலைக்கழகத்துக்கே கொடையாக விட்டுச் சென்றார்.

பிளேசு செய்த முதன்மையான பணி, "என்பது" என்ற சொல்லின் இருவகைப் பயன்பாட்டைப் பிரித்துக் காட்டியதாகும். "சதுரம் என்பது நான்கு சம பக்கங்களும் நான்கு செங்கோணங்களும் உடைய வடிவம்" என்பது வரையறை. சொல்லின் பொருள் தெரிந்தவருக்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. "மின்னல் என்பது மின்னிறக்கம்" என்பது வரையறை அன்று. மின்னல் என்ற சொல்லை ஆயிரமாயிரம் ஆண்டுகள் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்கு மின்சாரம் என்றால் என்னவென்றே தெரியாது. இது ஆராய்ந்து கண்ட ஒருமை. "வலி என்பது மூளை நிகழ்வு" என்பதும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே. எனவே "வலி என்று நான் சொல்லும்போது மூளையை நினைப்பதே இல்லையே" என்பது எதிர்வாதம் ஆகாது.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. விடியற்காலையில் கிழக்கே ஒளிர்வதை விடிவெள்ளி என்றும், மாலையில் மேற்கே தோன்றுவதை அந்திவெள்ளி என்றும் அழைக்கிறோம். பெயர்கள் வேறு, தோன்றும் பொழுதும் திசையும் வேறு, கோள் ஒன்றே. அது ஒன்றே என்பதை யாரும் அகராதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவில்லை, வானத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தனர்.

உப்பைக் கொண்டு இன்னொரு எதிர்வாதத்தையும் சோதித்துப் பார்க்கலாம். "என் பாட்டிக்கு உப்பு நன்றாகத் தெரியும். சோடியம் குளோரைடு தெரியாது. ஆகவே உப்பும் சோடியம் குளோரைடும் வேறுவேறு." இந்த வாதம் தவறு என்பது உடனே தெரிகிறது. "எனக்கு என் வலி தெரியும். என் நரம்பணுக்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆகவே வலியும் நரம்பணுக்களின் செயலும் வேறுவேறு" என்ற வாதத்திலும் அதே ஓட்டை இருக்கிறது. ஒன்றைப் பற்றி ஒருவருக்குத் தெரிவதும் தெரியாததும் அப்பொருளின் பண்பு அல்ல.

சிமார்ட்டு எதிர்கொண்ட கடினமான கேள்வி வேறு. பிரகாசமான விளக்கை நோக்கிவிட்டுக் கண்ணை மூடினால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத் திட்டு ஒன்று தெரியும். மூளைக்குள் ஆரஞ்சு நிறமாக எதுவும் இல்லை. அப்படியானால் அந்தத் திட்டு எங்கே இருக்கிறது? திட்டு என்று ஒரு பொருளே இல்லை, திட்டைக் காணும் அனுபவம்தான் உண்டு என்பது சிமார்ட்டின் விடை. அந்த அனுபவத்தைச் சொல்பவர் உண்மையில் சொல்வது இவ்வளவே: "என் முன்னே ஓர் ஆரஞ்சுப் பழம் நல்ல வெளிச்சத்தில் இருந்தால் எனக்குள் எது நடக்குமோ, அதைப் போன்ற ஒன்று இப்போது நடக்கிறது." அந்த "ஒன்று" பருப்பொருளா ஆன்மாவா என்பதை இவ்வாக்கியம் சொல்லவில்லை. அதைக் கண்டறிவது அறிவியலின் வேலை. இரண்டு விளக்கங்கள் சமமாகப் பொருந்துமானால் குறைவான பொருள்களைக் கொண்டு விளக்குவதை ஏற்க வேண்டும் என்ற சிக்கன விதியையும் சிமார்ட்டு துணைக்கு அழைத்தார்.

பல்வலியைக் கொண்டு ஒரு வாதம்

குறைப்புவாதத்துக்கு ஆதரவான வாதங்களுள் வலுவானது காரண வாதம். பல் வலிக்கிறது, மருத்துவரிடம் போகிறோம். வலிதான் நம்மை நடக்க வைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் கால் தசைகள் அசைந்ததற்கு நரம்புத் தூண்டல்கள் காரணம். அவற்றுக்கு மூளையின் நிகழ்வுகள் காரணம். இந்தச் சங்கிலியில் பருப்பொருள் அல்லாத ஒன்று நுழைவதற்கு இடைவெளி எங்கும் காணப்படவில்லை. வலி இந்தச் சங்கிலிக்கு வெளியே நிற்பதானால் அது எதையும் செய்யவில்லை என்றாகும். வலிதான் நம்மை மருத்துவரிடம் அனுப்பியது என்றால், அது சங்கிலியின் கண்ணிகளுள் ஒன்றாகவே இருக்க வேண்டும்.

மருத்துவர் ஈறில் லிடோகெயின் ஊசி போடுகிறார். அம்மருந்து நரம்பு இழைகளின் சவ்விலுள்ள சோடியம் வாயில்களை அடைக்கிறது. சோடியம் அயனிகள் உள்ளே புகாததால் தூண்டல் மேலே செல்வதில்லை. வலி நின்றுவிடுகிறது. அயனிகளின் போக்கை மாற்றினால் வலியே மாறுகிறது என்பது, வலி எந்த உலகத்தைச் சேர்ந்தது என்பதற்கு நல்ல சான்று என்பர் குறைப்புவாதிகள்.

மெய்யியல் நூல்களில் "வலி என்பது சி-இழைகளின் தூண்டல்" என்ற வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். அதை உண்மையான நரம்பியல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சி-இழைகள் தோல் முதலிய உறுப்புகளிலிருந்து தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுசெல்லும் மெல்லிய நரம்பிழைகள். அவை மையலின் உறை அற்றவை. நொடிக்கு ஏறத்தாழ 0.5 முதல் 2 மீட்டர் வேகத்தில் செய்தியைக் கடத்துபவை. கால் விரலை இடித்துக்கொண்டதும் சுரீரென்று ஒரு வலியும், சற்றுப் பின்னர் ஊமையாக விண்விண்ணென்று இன்னொரு வலியும் வருவதை எல்லோரும் உணர்ந்திருப்பர். முதலாவது வேகமான ஏ-டெல்டா இழைகளால், பின்னது சி-இழைகளால் வருவது. வலி அனுபவம் முழுமை பெறுவது மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்கும்போதுதான். மெய்யியலார் "சி-இழை" என்று எழுதுவதை "அறிவியல் பின்னர் நிரப்ப வேண்டிய இடம்" என்று படித்துக்கொள்வது நல்லது.

"எல்லாம் மூளையில்தான்" என்றால் பொய் என்று ஆகுமா?

காயம் எதுவும் தென்படாத நோயாளியிடம் "உங்களுக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லும் வழக்கம் வீட்டிலும் மருத்துவமனையிலும் உண்டு. பொருள்முதல்வாதம் இப்படிப்பட்ட பேச்சுக்குத் துணைபோகிறது என்று சிலர் நினைக்கின்றனர். குறைப்புவாதத்தைச் சரியாகப் புரிந்துகொண்டால் முடிவு நேர்மாறாக இருக்கும். வலி என்பது மூளை நிகழ்வே என்றால், அந்நிகழ்வு நடக்கும்போது வலி உண்மையாகவே இருக்கிறது. கையில் காயம் உண்டா இல்லையா என்பது அடுத்த கேள்வி.

கை அல்லது கால் வெட்டி எடுக்கப்பட்டவர்களுள் பலர், இல்லாத உறுப்பில் வலியை உணர்கின்றனர். இது மாயஉறுப்பு வலி எனப்படும். இப்படிப்பட்ட அனுபவத்தை டேக்கார்ட்டே குறித்திருக்கிறார். தமிழ்நாட்டில் பிறந்து சென்னை இசுடான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கலிபோர்னியாவில் ஆய்வு செய்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் ஓர் எளிய கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு இதை ஆராய்ந்தார். நோயாளி தன் நல்ல கையைக் கண்ணாடி முன் வைத்து அசைப்பார். கண்ணாடியில் தெரியும் பிம்பம், இழந்த கை மீண்டும் வந்து அசைவது போலத் தோன்றும். இறுக மூடி விரிக்க முடியாமல் வலித்த மாயக்கை விரிவதாகச் சிலர் உணர்ந்தனர்; வலி தணிந்ததாகவும் கூறினர். கையே இல்லை, ஆனாலும் வலி பொய்யன்று.

மறுபக்கமும் உண்டு. உடலியல் காரணத்தை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு வலி இல்லை என்று முடிவு கட்டிய வரலாறு அது. 1980கள் வரை மேலை நாட்டு மருத்துவமனைகளில்கூட, பிறந்த குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்கி மருந்து இன்றி அறுவை செய்வது வழக்கத்தில் இருந்தது. மயக்க மருந்தின் ஆபத்து பற்றிய அச்சம் ஒரு காரணம். பச்சிளங்குழந்தையின் நரம்பிழைகளில் மையலின் உறை முழுமையாக வளரவில்லை, ஆகவே வலி தெரியாது என்பது இன்னொரு காரணம். 1987இல் கே. ஜே. எஸ். ஆனந்தும் பி. ஆர். இக்கியும் வெளியிட்ட கட்டுரை இதை மறுத்தது. வளர்ந்தவர்களிடத்திலேயே வலியைக் கடத்தும் சி-இழைகளுக்கு மையலின் உறை இல்லை. அப்படியிருக்க, உறை இல்லாததைக் காட்டிக் குழந்தைக்கு வலியில்லை என்பது எப்படிப் பொருந்தும்? இத்தகைய ஆய்வுகளுக்குப் பின் மருத்துவ நடைமுறை மாறியது. பேசத் தெரியாத ஒரு குழந்தையின் வலியை நிலைநாட்ட உதவியது நரம்பிழைகளைப் பற்றிய சரியான அறிவுதான். குறைப்புவாதிகள் தம் பக்கத்துக்கு இதை எடுத்துக்காட்டலாம். ஆனால் எந்த நரம்பு நிகழ்வு வலி என்பதில் பிழை செய்தால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் இதே வரலாறு காட்டுகிறது.

எதிர்ப்புகள்

குறைப்புவாதம் 1960களின் இறுதியிலிருந்து கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. அவற்றுள் முதலாவது மெய்யியலாளர் இலரி பட்னம் 1967இல் முன்வைத்தது. "வலி" என்ற வகையும் "மனித மூளையின் இன்ன நிகழ்வு" என்ற வகையும் ஒன்றே என்றால், அந்நிகழ்வு இல்லாத உயிர் எதற்கும் வலி இருக்க முடியாது. எண்காலியை எடுத்துக்கொள்வோம். அதன் நரம்பணுக்கள் ஏறத்தாழ 50 கோடி. அவற்றில் பெரும்பகுதி தலையில் இல்லை, கரங்களில் உள்ளது. நம் மூளையின் அமைப்புக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதற்காக எண்காலிக்கு வலிக்காது என்று சொல்லிவிடலாமா? ஒரே மனநிலை வெவ்வேறு உடலமைப்புகளில் நிறைவேற முடியும் என்பதால், மனநிலையை அது எதனால் ஆனது என்று வரையறுக்கக் கூடாது, அது என்ன வேலை செய்கிறது என்று வரையறுக்க வேண்டும் என்றார் பட்னம். இதுவே செயற்பாட்டுவாதம் எனப்படுகிறது. பூட்டு இரும்பிலும் இருக்கலாம், பித்தளையிலும் இருக்கலாம். பூட்டுவதே அதைப் பூட்டாக்குகிறது.

குறைப்புவாதிகளின் மறுமொழி வெப்பநிலையைச் சார்ந்தது. வாயுவில் வெப்பநிலை மூலக்கூறுகளின் ஓட்டத்தில் இருக்கிறது. திடப்பொருளில் அணுக்களின் அதிர்வில் இருக்கிறது. இடத்துக்கு இடம் வேறுபடுவதால் வெப்பநிலை பருப்பொருள் அன்று என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல, மனித வலி ஒரு நிகழ்வாகவும் எண்காலி வலி வேறொரு நிகழ்வாகவும் இருக்கலாம். டேவிட்டு லூயிசும் சேக்வொன் கிம்மும் இந்த வழியில் சென்றனர். இது நல்ல மறுமொழிதான். ஆனால் ஒரு சிக்கலை விட்டுவைக்கிறது: இரண்டும் வேறுவேறு நிகழ்வுகள் என்றால், இரண்டையும் "வலி" என்று அழைக்கச் செய்யும் பொதுத்தன்மை எது?

தனித்தனி மனநிகழ்வு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பருப்பொருள் நிகழ்வுதான், ஆனால் மனநிலை வகைகளை மூளைநிலை வகைகளாகக் குறைக்க முடியாது என்று இடைவழி கண்டவர்களும் உண்டு. இது குறைப்பிலாப் பொருள்முதல்வாதம். டொனால்டு டேவிட்சன் 1970இல் இதன் ஒரு வடிவத்தை முன்வைத்தார்.

இரண்டாவது எதிர்ப்பு சால் கிரிப்கி 1970இல் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில் வந்தது. இது நுட்பமானது; நிதானமாகப் படிக்க வேண்டும். வெப்பம் வேறு, வெப்பத்தை நாம் உணரும் உணர்வு வேறு. உயிர்கள் எவையும் இல்லாத உலகத்திலும் மூலக்கூறுகள் ஓடிக்கொண்டிருந்தால் அங்கே வெப்பம் இருக்கும். உணர்வதற்கு ஆள் இல்லை, அவ்வளவே. வலியை இப்படிப் பிரிக்க முடியுமா? வலியின் உணர்வை நீக்கிவிட்டால் மிஞ்சுவது உணரப்படாத வலி அன்று; வலியே இல்லை. வெப்பத்தைக் குறைக்கும்போது உணர்வை ஒருபுறம் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைக் குறைத்தோம். வலியில் ஒதுக்கி வைக்க வேறு இடமில்லை. ஆகவே வெப்பம், மின்னல் ஆகிய எடுத்துக்காட்டுகளை வலிக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது கிரிப்கியின் முடிவு. மேலே சொன்ன பின்னக் கணக்கு உவமையும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறது.

தாமசு நேகல் 1974இல் வௌவாலை எடுத்துக்கொண்டார். வௌவால் ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் வழியறிகிறது. அதன் மூளையைப் பற்றி அனைத்தையும் அறிந்தாலும், வௌவாலாக இருப்பது அந்த வௌவாலுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. நேகல் பொருள்முதல்வாதம் பொய் என்று சொல்லவில்லை. அது உண்மையாக இருப்பது எப்படி என்பதே இன்னும் விளங்கவில்லை என்றார். 1982இல் பிராங்கு சாக்சன் மேரி என்ற கற்பனை அறிவியலாளரைப் படைத்தார். மேரி கறுப்பு வெள்ளை அறையிலேயே வாழ்ந்து, நிறப்பார்வை பற்றிய பருப்பொருள் உண்மைகள் அனைத்தையும் கற்றவர். ஒருநாள் வெளியே வந்து பழுத்த தக்காளியின் சிவப்பை முதன்முதலாகப் பார்க்கிறார். அப்போது அவர் புதிதாக ஒன்றை அறிகிறார் அல்லவா? அறிகிறார் என்றால், முன்பு கற்ற பருப்பொருள் உண்மைகள் முழுமையானவை அல்ல. லூயிசு முதலியோர் இதற்கு விடையாக, மேரி புதிய உண்மை எதையும் அறியவில்லை, சிவப்பை அடையாளம் காணவும் கற்பனை செய்யவும் புதிய திறமை பெற்றார் என்றனர். நீச்சல் பற்றிய நூல்களை எல்லாம் படித்தவர் ஆற்றில் இறங்கிய பின்தான் நீந்தக் கற்பது போன்றது இது. வியப்பு என்னவென்றால், சாக்சனே பிற்காலத்தில் தம் வாதத்தைக் கைவிட்டுப் பொருள்முதல்வாதத்தின் பக்கம் வந்துவிட்டார். அவருடைய மேரி மட்டும் பாடநூல்களில் நிலைத்துவிட்டார்.

மூளை நிகழ்வுக்கும் அனுபவத்துக்கும் இடையே விளக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது என்று சோசப்பு இலெவின் 1983இல் எழுதினார். டேவிட்டு சாமர்சு 1995இல் இதையே உணர்வின் "கடினச் சிக்கல்" என்று பெயரிட்டு விரிவுபடுத்தினார். குறைப்புவாதிகளுள் பலர், இடைவெளி நம் கருத்துகளில்தான் இருக்கிறது, உலகில் இல்லை என்கின்றனர். உயிர் என்பதையும் ஒரு காலத்தில் வேதியியலால் விளக்கவே முடியாது, தனி உயிராற்றல் வேண்டும் என்று நம்பினர் என்பதையும் அவர்கள் நினைவூட்டுவர். உயிர்களின் உடலில் மட்டுமே உருவாகும் என்று கருதப்பட்ட யூரியாவை 1828இல் ஓலர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். உயிராற்றல் கொள்கை அதனால் உடனே மறையவில்லை, பல ஆண்டுகளில் மெல்ல மறைந்தது. இந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். உயிரைப் பொறுத்தவரை விளக்க வேண்டியவை யாவும் செரித்தல், வளர்தல், பெருகுதல் போன்ற செயல்கள். வலியில் செயலுக்கு அப்பால், வலிக்கிறது என்பதும் இருக்கிறது.

மார்க்சியப் பொருள்முதல்வாதத்துடன் வேறுபாடு

தமிழில் பொருள்முதல்வாதம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது மார்க்சியத்தின் இயங்கியல் பொருள்முதல்வாதமே. இரண்டும் பருப்பொருளை முதன்மையாகக் கொள்வதில் ஒன்றுபடும். ஆனால் கல்லீரல் பித்தத்தைச் சுரப்பதுபோல மூளை எண்ணங்களைச் சுரக்கிறது என்ற பாணியில் எழுதிய 19ஆம் நூற்றாண்டு செருமானியரான கார்ல் போக்ட்டு முதலியோரை எங்கெல்சு கொச்சைப் பொருள்முதல்வாதிகள் என்று சாடினார். அளவில் ஏற்படும் மாற்றம் ஒரு கட்டத்தில் பண்பு மாற்றமாகிறது, மேல்நிலை இயக்கத்தைக் கீழ்நிலை இயக்கத்தால் முற்றாக விளக்கிவிட முடியாது என்பது இயங்கியல் நோக்கு. ஆகவே மார்க்சியர் ஒருவர் பொருள்முதல்வாதியாக இருந்துகொண்டே குறைப்புவாதத்தை மறுக்க முடியும்.

இன்றைய நிலை

1970களில் இக்கொள்கை தோற்றுவிட்டதாகவே பல பாடநூல்கள் எழுதின. மூளையை உயிருடன் இருக்கும்போதே படமெடுக்கும் கருவிகள் பெருகிய பின் அது மீண்டும் வலுப்பெற்றுள்ளது. ஆயினும் படத்தில் மூளையின் ஒரு பகுதி ஒளிர்வதைக் கண்டதும் "வலி இதுதான்" என்று எழுதிவிடும் செய்தித்தாள் வழக்கம் சரியன்று. படம் காட்டுவது உடன்நிகழ்வை, ஒருமையை அன்று. உலக வலி ஆய்வுக் கழகம் 2020இல் திருத்திய வரையறையிலும் வலி என்பது விரும்பத்தகாத ஓர் அனுபவம் என்றே குறிப்பிடப்படுகிறது. தனக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறுவதை மதிக்க வேண்டும் என்ற குறிப்பும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது.

எண்காலியின் கேள்வி இதற்கிடையே சட்டமன்றம் வரை சென்றுவிட்டது. பிரித்தானியாவில் 2022ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம், எண்காலி, கணவாய் முதலிய தலைக்காலிகளையும் நண்டு, இறால் முதலியவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. அவற்றின் நரம்பு மண்டலம் நம்முடையதைப் போன்றதன்று என்பது தடையாகக் கொள்ளப்படவில்லை. நடத்தையும் நரம்பமைப்பும் சேர்த்தே எடைபோடப்பட்டன. கணினிக்கு வலிக்குமா என்ற கேள்வியில் இரு தரப்பும் இன்னும் கூர்மையாகப் பிரிகின்றன. செயற்பாட்டுவாதத்தின்படி, வலி செய்யும் வேலைகளை எல்லாம் செய்யும் எந்திரத்துக்கு வலி இருக்கும், அது சிலிக்கானால் ஆனதாயினும் சரி. பிளேசு, சிமார்ட்டு வழியில் செல்பவருக்கு அது போதாது. அந்த எந்திரத்துக்குள் நடப்பது நரம்பணுக்களில் நடப்பதோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று அவர் கேட்பார். எவ்வளவு ஒத்திருந்தால் போதும் என்பதற்கு அவரிடமும் இதுவரை அளவுகோல் இல்லை.